சம்பளமில்லாத 2,500 மணி நேரம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தடம். நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. காரைக்குடியிலிருந்து அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கார்களைப் பற்றியும் ஓட்டுகிறவர்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு கொடியோடு வெயிலில் நிற்கிற தன்னார்வலர்களைப் பற்றிக் கணக்கு எழுதியவர்கள் குறைவு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் செலவுக் கணக்கில் அவர்கள் பெயர் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததால்தான் அவர்களுடைய தண்ணீரும் நிழலும் காப்பீடும் எல்லாவற்றுக்கும் கடைசியில் நினைவுக்கு வருகின்றன. விட்டுப்போன அந்தப் பக்கத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இதில் வரும் எண்கள் இரண்டு வகை. தடத்தின் அளவு, விதிகள், ஆண்டுகள் எல்லாம் பதிவில் உள்ளவை. ஆள் கணக்கு, தண்ணீர், துணி, பெட்ரோல் எல்லாம் நான் போட்ட மதிப்பீடு. எப்படிப் போட்டேன் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வேறு தடத்துக்கு, வேறு போட்டிக்கு எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கார் பந்தயம் வளர்ந்ததே ஆர்வலர்களின் சொந்த உழைப்பில்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியபோது அதனிடம் தடம் எதுவும் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. அதிலேயே காரை விட்டார்கள். 1980-கள் வரை சோழவரம் என்றால் கார் பந்தயம் என்றுதான் சென்னைக்காரர்களுக்குப் பொருள். பிறகு கிளப்பே நிலம் வாங்கி, இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் போட்டு 1990-இல் திறந்தது. இன்றைக்கு அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோயம்புத்தூருக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு. அங்கே பந்தய ஆர்வலர் கரிவரதன் 1988-இல், 796 சி.சி. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான பந்தயக் காரைக் கொண்டுவந்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது.

போர்க்கால ஓடுபாதை பந்தயத் தடமானது சோழவரத்தில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான். 1948 அக்டோபரில் அங்கே முதல் கிராண்ட் பிரி நடந்தது. 1950 மே 13-இல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் போட்டியின் முதல் பந்தயமும் அங்கேதான் ஓடியது. நம் பக்கத்திலும் அப்படி ஓர் ஓடுபாதை இருக்கிறது. செட்டிநாட்டில், அரசுக் கால்நடைப் பண்ணை நிலத்துக்குள், போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. அங்கே பந்தயம் நடத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓடுதளம் கிடைத்துவிட்டால் பந்தயம் நடத்திவிடலாம் என்று நம் இளைஞர்கள் பேசும்போது, சோழவரத்தில் ஓடுபாதையோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஆள்.

எத்தனை ஆள்? எஃப்.ஐ.ஏ. எனப்படும் உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, அடுத்தடுத்த இரண்டு கொடிச் சாவடிகளுக்கு நடுவே 500 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சாவடியில் நிற்பவருக்கு முந்தைய சாவடியும் தெரிய வேண்டும், அடுத்த சாவடியும் தெரிய வேண்டும். 3,717 மீட்டரை 500-ஆல் வகுத்தால் 7.4, அதாவது 8 சாவடி. ஆனால் வளைவு பார்வையை மறைத்துவிடும். ஆகவே வளைவுக்கு ஒன்றாக 12, புறப்படும் கோட்டில் 1, பிட் எனப்படும், கார்கள் ஒதுங்கிப் பழுதுபார்க்கும் பகுதியின் வெளிவாசலில் 1 என்று 14 சாவடி வைக்கிறேன். ஒரு சாவடிக்கு 4 பேர் என்றால் 56 பேர்.

இந்த நால்வர் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் சாவடித் தலைவர். வாக்கி-டாக்கி அவர் கையில். ஒருவர் தீயணைப்பான் பக்கத்தில். மீதி இருவரும் கொடிக்காரர்கள். இவர்கள் எதிரெதிர்த் திசைகளைப் பார்த்து நிற்பார்கள். மஞ்சள் கொடிக்காரர் தன் சாவடிக்கு அப்பால் உள்ள தடத்தைப் பார்ப்பார். அங்கே ஒரு கார் சுழன்று நின்றால் கொடி உடனே அசைய வேண்டும். அப்படிப் பார்த்தால் கார்கள் வரும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். நீலக் கொடிக்காரர் எதிர்ப்பக்கம் பார்ப்பார். பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு என்று மெதுவாகப் போகிறவருக்குக் காட்டுவது அவர் வேலை. ஒரு கார் தடம் மாறிச் சாவடியை நோக்கி வந்தால் அவர்தான் முதலில் பார்ப்பார். சட்டையைப் பிடித்து இழுப்பார், அல்லது கத்துவார். இன்ஜின் இரைச்சலில் கத்தல் கேட்காது. அதனால் பெரும்பாலும் இழுப்புதான். முன்பின் தெரியாத இரண்டு பேர் காலை 7 மணிக்குக் கைகுலுக்கி, 8 மணிக்கு ஒருவர் உயிரை மற்றவர் கண்ணில் ஒப்படைத்து நிற்கிறார்கள்.

சாவடிகளுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. பிட் லேனில் 10 பேர், புறப்பாட்டு வரிசையில் 6, அணிகள் காரை நிறுத்தித் தயார் செய்யும் பேடாக்கில் 8, ஸ்க்ரூட்டினி என்ற வாகனப் பரிசோதனையில் 8, நின்றுபோன காரை அப்புறப்படுத்த 6, நேரக் கணக்கும் கட்டுப்பாட்டு அறையும் சேர்த்து 6. மொத்தம் 44. இரண்டையும் கூட்டினால் 100 பேர். மருத்துவரும் ஆம்புலன்ஸ் ஊழியரும் தொழில்முறை ஆட்கள்; அவர்களை இதில் சேர்க்கவில்லை. ஆம்புலன்ஸ் தன் இடத்தில் இல்லாவிட்டால் எந்த ஓட்டமும் தொடங்காது.

வெள்ளி மாலை தடத்தை நடந்து பார்ப்பதற்கும் விளக்கக் கூட்டத்துக்கும் 3 மணி நேரம். சனி, ஞாயிறு காலை 7 முதல் மாலை 6 வரை 11 மணி நேரம் வீதம் 22. ஆளுக்கு 25 மணி நேரம். 100 பேருக்கு 2,500 மணி நேரம்.

இதில் கார் ஓடுகிற நேரம் எவ்வளவு? நாளுக்கு 20 நிமிட ஓட்டங்கள் 8 என்று வைத்தால் 160 நிமிடம். 11 மணி நேரம் என்பது 660 நிமிடம். கால் பங்குகூட வரவில்லை. மீதி நேரத்தில், மார்ஷல் எனப்படும் இந்தத் தன்னார்வலர் சும்மா காத்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். வளைவில் சிதறிய சரளையைப் பெருக்கித் தள்ள வேண்டும். எண்ணெய் சிந்திய இடத்தில் சிமென்ட் தூளைத் தூவித் தேய்த்துக் கூட்ட வேண்டும். கழன்று கிடக்கும் பம்பர் துண்டைப் பொறுக்க வேண்டும், இடி வாங்கிய டயர் அடுக்கைத் தள்ளி நிமிர்த்த வேண்டும். அந்த டயர் அடுக்கையும் எண்ணிப் பார்த்தேன். டயரின் குறுக்களவு 60 சென்டிமீட்டர், உயரத்துக்கு 5 டயர், ஆழத்துக்கு 3 வரிசை என்றால் 100 மீட்டர் வேலிக்கு 2,500 டயர் வேண்டும். அத்தனையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். உதிரி டயர் அடுக்கு ஓட்டுநரைக் காக்காது. பறந்து வந்து மார்ஷலைத் தாக்கும்.

இனிக் கொடி. விதிப்படி கொடியின் குறைந்த அளவு 60-க்கு 80 சென்டிமீட்டர். சிவப்பும், முடிவைக் காட்டும் கட்டக் கொடியும் 80-க்கு 100. ஒரு சாவடியில் மஞ்சள் 2, நீலம், பச்சை, வெள்ளை, தடம் வழுக்குகிறது என்று காட்டும் மஞ்சள்–சிவப்புக் கோட்டுக் கொடி, சிவப்பு ஆகியவை ஒவ்வொன்று, மொத்தம் 7. 14 சாவடிக்கு 98 கொடி. தொடக்கக் கோட்டில் இன்னும் சில உண்டு. அவற்றில் கறுப்பின் நடுவே 40 சென்டிமீட்டர் ஆரஞ்சு வட்டம் உள்ள கொடி முக்கியமானது. உன் காரில் கோளாறு இருக்கிறது, உள்ளே வா என்று ஓர் ஓட்டுநரை மட்டும் எண் காட்டி அழைப்பது அது. சாவடிகளின் துணியை மட்டும் கூட்டினால் 51.5 சதுர மீட்டர். ஏறக்குறைய 8 கண்டாங்கிச் சேலைக்கான துணி. ஒரு பந்தயத்தின் மொத்தச் செலவில் இதைவிடக் குறைந்த விலையில் இத்தனை உயிரைக் காக்கிற சாமான் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் துணி தானாக அசையாது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 50 மீட்டர். மஞ்சளைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. 50 மீட்டர் போய்விட்டது. நல்ல டயரோடு, முழு பிரேக்கில் கார் நிற்க இன்னும் சுமார் 130 மீட்டர். ஆக 180 மீட்டர் முன்பே கொடி கண்ணில் பட வேண்டும். கொடிக்காரர் 2 விநாடி தாமதித்தால் அந்த 180-இல் 100 மீட்டர் கரைந்துவிடும். தண்ணீர் குடிக்கத் தலையைத் திருப்பினால், செல்போனைப் பார்த்தால், பக்கத்தில் நிற்பவரோடு பேசினால் 2 விநாடி சாதாரணமாகப் போகும். மார்ஷல் கையில் ஓட்ட நேரத்தில் செல்போன் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். எனக்கு அந்தக் கண்டிப்பில் முழு உடன்பாடு.

தீ இன்னும் கடுமையான கணக்கு. விபத்து நடந்து சுமார் 15 விநாடிக்குள் கையில் தீயணைப்பானோடு ஆள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது எஃப்.ஐ.ஏ. வகுத்த இலக்கு. 6 கிலோ தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு, பூட்ஸ் காலோடு, புல்லிலும் சரளையிலும் ஓடுகிறவர் விநாடிக்கு 4 மீட்டர் ஓடினால் பெரிது. 15 விநாடிக்கு 60 மீட்டர். சாவடிக்கு இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 60 என்று 120 மீட்டர்தான் அவருடைய எல்லை. 14 சாவடிக்கு 1,680 மீட்டர். தடத்தில் 45 சதவீதம். முழுத் தடத்தையும் கால்நடையாகக் காக்க 31 இடங்களில் ஆள் நிற்க வேண்டும். அதனால்தான் விபத்து அதிகம் நேரும் வளைவை ஒட்டிச் சாவடியும், நேர்ப் பாதைக்குத் தீயணைப்பு வண்டியும் வைக்கிறார்கள். 6 கிலோ தீயணைப்பானில் உள்ள பொடி 20 விநாடிக்குள் தீர்ந்துவிடும். முதல் ஆள் அடித்து முடிப்பதற்குள் இரண்டாவது ஆள் வந்து சேராவிட்டால் முதல் ஆளின் ஓட்டம் வீண்.

1973 ஜூலை 29-இல் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட் தடத்தில் ராஜர் வில்லியம்சன் என்ற ஓட்டுநர் கவிழ்ந்த காருக்குள் எரிந்து இறந்தார். பக்கத்தில் மார்ஷல்கள் இருந்தார்கள். தீயைத் தாங்கும் உடை அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை; நெருங்க முடியவில்லை. டேவிட் பர்லி என்ற இன்னோர் ஓட்டுநர் தன் பந்தயத்தை விட்டு இறங்கி ஓடி வந்து ஒற்றை ஆளாகக் காரை நிமிர்த்தப் பார்த்தார். அந்த மார்ஷல்களைக் கோழைகள் என்று சொன்னவர்கள் உண்டு. அது அநியாயம். உடை வாங்கித் தராதவர்கள் அங்கே களத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் 1977 மார்ச் 5-இல் நடந்ததை ஒவ்வொரு மார்ஷல் பயிற்சியிலும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ரென்சோ சோர்சி என்பவரின் கார் பழுதாகித் தடத்தின் ஓரமாக நின்றது. சின்னத் தீ எட்டிப் பார்த்தது. எதிர்ப்பக்கமிருந்து இரண்டு மார்ஷல்கள் தடத்தைக் குறுக்கே கடந்து ஓடினார்கள். ஒருவர் பிரெடரிக் யான்சன் வான் வூரன், வயது 19, கையில் 18 கிலோ எடையுள்ள தீயணைப்பான். அந்த இடத்தில் தடம் மேடேறி இறங்குகிறது. மேட்டுக்கு அப்பால் வருகிற காருக்கு இவர் தெரியமாட்டார், இவருக்குக் காரும் தெரியாது. வந்த கார்களின் வேகம் மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 75 மீட்டர். தடத்தின் அகலம் 12 மீட்டர் என்று வைத்தால், 18 கிலோவைச் சுமந்து கடக்க 3 விநாடியாவது வேண்டும். அந்த 3 விநாடியில் கார் 225 மீட்டர் வரும். டாம் பிரைஸ் என்ற ஓட்டுநரின் கார் அந்த இளைஞர் மீது மோதியது. தீயணைப்பான் பிரைஸின் தலையைத் தாக்கியது. இருவரும் அங்கேயே இறந்தார்கள். கூட ஓடிய இன்னொரு மார்ஷல் மயிரிழையில் தப்பினார். சோர்சி காரை விட்டுத் தானாகவே இறங்கி வெளியே வந்துவிட்டிருந்தார்.

அந்த 19 வயதுப் பையன் தப்பு செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். தீயைக் கண்டு ஓடினான். கட்டுப்பாட்டு அறை சொல்லாமல் தடத்தைக் கடக்காதே என்ற ஒரு வரியை அவன் மனதில் பதிய வைப்பதுதான் பயிற்சி. அதற்கு வெள்ளிக்கிழமை மாலையின் 3 மணி நேரம் வேண்டும். அதை மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. இத்தாலியின் மோன்சாவில் 2000 செப்டம்பரில் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்ட்டி, மெல்போர்னில் 2001 மார்ச்சில் கிரஹாம் பெவரிட்ஜ்: ஆறு மாத இடைவெளியில் இரண்டு மார்ஷல்கள், பிய்ந்து வந்த சக்கரம் தாக்கி இறந்தார்கள். உலகத்திலேயே மிக அதிகப் பணம் புரளும் பந்தயத்தில் நடந்தது இது.

தடத்துக்கு வரும் ஆபத்து எப்போதும் காராக இருக்காது. இந்தியாவில் முதல் ஃபார்முலா 1 பந்தயம் 2011-இல் நொய்டா அருகே 5.125 கிலோமீட்டர் புத் தடத்தில் நடந்தபோது, அக்டோபர் 28-ஆம் தேதி முதல் பயிற்சி ஓட்டத்திலேயே ஒரு நாய் உள்ளே புகுந்தது. சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தினார்கள். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடம் போட்டு, 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்த இரவுப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது. தள்ளிப்போன பந்தயத்துக்காக விடுப்பு எடுத்த தன்னார்வலரின் நாள் எந்தக் கணக்கிலும் நட்டமாக ஏறாது.

நேரக் கணக்குப் பார்ப்பவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இப்போது காரில் டிரான்ஸ்பாண்டர் என்ற சமிக்ஞைக் கருவி இருக்கிறது; விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பதிவாகும். 180 கிலோமீட்டர் வேகத்தில் அது 5 சென்டிமீட்டர். கையால் அழுத்தும் கடிகாரத்தில் பத்தில் ஒரு விநாடி பிசகினால் 5 மீட்டர்.

தண்ணீருக்கு வருகிறேன். வெயிலில் நின்று வேலை செய்பவர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி குடிக்க வேண்டும் என்பது தொழிலாளர் நல வல்லுநர்கள் சொல்லும் அளவு. மணிக்கு முக்கால் லிட்டர் என்று குறைத்தே வைத்தால், 11 மணி நேரத்துக்கு ஆளுக்கு 8.25 லிட்டர். வெயிலில் நிற்கிற 56 பேருக்கு 462 லிட்டர். ஓரளவு நிழல் கிடைக்கும் மற்ற 44 பேருக்கு ஆளுக்கு 4 லிட்டர் என்றால் 176. நாளுக்கு 638 லிட்டர், இரண்டு நாளுக்கு 1,276. 20 லிட்டர் கேனில் 64. கேன் 35 ரூபாய் என்றால் 2,240 ரூபாய். பந்தயம் நடத்துகிற எவருக்கும் இது ஒரு தொகையே அல்ல. கேனை 14 சாவடிக்கும் கொண்டுபோய் இறக்குவதற்கு ஒரு வண்டியும் ஒரு ஆளும் ஒதுக்குவதில்தான் பிசகு நேர்கிறது. ஓட்டம் நடக்கும்போது வண்டி உள்ளே போக முடியாது. காலை 7-க்கு வைத்த தண்ணீர் 12 மணிக்குச் சுடுதண்ணீராகியிருக்கும். சாவடிக்கு ஒரு குடையும் மண்பானையும் கேட்பது ஆடம்பரமில்லை. தலை கிறுகிறுத்த கொடிக்காரரின் 2 விநாடித் தாமதம் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

இந்த 2,500 மணி நேரத்துக்கு விலை போட்டால் எவ்வளவு? நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025–26-இல் அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். 100 பேர், 3 நாள்: 1,00,800 ரூபாய். பயிற்சி பெற்ற ஆள் என்று நாளுக்கு 1,000 ரூபாய் வைத்தால் 3 லட்சம். தொழில்முறை ஓட்டுநர் இல்லாத, சொந்தக் காசில் டயர் வாங்கி ஓட்டுகிற அமெச்சூர் போட்டியில் 60 கார் வந்தால், காருக்கு 5,000 ரூபாய் கூடுதல் கட்டணம். பல இளம் ஓட்டுநர்கள் இந்த இடத்தில்தான் பின்வாங்குவார்கள். அவர்கள் களத்தில் இருப்பதற்குக் கொடிக்காரரின் இலவச நாள்தான் மானியம். அமெரிக்காவின் அமெச்சூர் ஆட்டோகிராஸ் போட்டிகளில் இதை நேராகவே வைத்திருக்கிறார்கள்: காலையில் கார் ஓட்டியவர் அடுத்த பிரிவு ஓடும்போது களத்தில் நின்று, மற்றவர் இடித்துச் சாய்த்த கூம்பை நிமிர்த்த வேண்டும். கூம்புக்கு 2 விநாடி அபராதம் என்று தெரிவிப்பதும் அவரே. ஓட்ட வருகிறவன் வேலையும் செய்வான் என்ற இந்த ஏற்பாடு நம் ஊருக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

காரைக்குடியிலிருந்து ஒருவர் கிளம்பினால் செலவு வேறு மாதிரி. நான்கு பேர் ஒரு காரில் போக வர 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று 5,050. சுங்கம் தனி. ஆளுக்கு 1,260 ரூபாய்க்கு மேல். அதே வார இறுதியில் ஒரு பந்தயக் கார் பயிற்சி, தகுதிச் சுற்று, மூன்று பந்தயம் எல்லாம் சேர்த்து 40 சுற்று ஓடினால் 149 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்றாலும் 30 லிட்டர். பந்தயம் ஓடிய கார் எரித்ததைவிட அதைக் காக்க வந்த கார் 20 லிட்டர் அதிகம் எரிக்கிறது. ரயிலில் போனால் மலிவு. பல்லவன் விரைவு ரயில் விடிகாலையில் காரைக்குடியை விட்டு மதியம் எழும்பூர் சேரும். வெள்ளி மாலைக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். திரும்பும்போதுதான் சிக்கல். ஞாயிறு பந்தயம் முடியும்போது பல்லவன் எழும்பூரை விட்டிருக்கும். இரவு ராமேசுவரம் போகும் ரயிலோ பேருந்தோதான். திங்கள் காலை வேலைக்குக் கண் எரிய எரியப் போக வேண்டும். கோயம்புத்தூர் செட்டிபாளையம் சுமார் 260 கிலோமீட்டர். புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே போவதே நல்லது. தடம் சிறியது, கற்பது எளிது, செலவும் முக்கால் பங்குக்குக் கீழே.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் வகுப்பில் 3-ஆம் இடம் பிடித்த பிறகு, கார் பந்தயம் பற்றிப் பேசாத இளைஞர் கூட்டம் இந்தப் பக்கம் இல்லை. அவர்களில் பலருக்குப் பந்தயக் கார் வாங்க வழி கிடையாது. தடத்துக்கு மிக அருகில், வேலிக்கு உள்ளே நிற்க அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி மார்ஷலாகப் போவது. கேலரிச் சீட்டு வாங்கியவருக்குக் கிடைக்காத இடம் அது.

பந்தயம் நடத்துவது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. சிவகங்கை மாவட்டத்தில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து, போக வர இத்தனை மைல் என்று சாலையிலேயே நடத்துகிறோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. உரிமை வந்துவிட்டது. கூடவே வர வேண்டிய ஏற்பாடு இன்னும் வரவில்லை. போக வர 8 மைல் என்றால் ஒரு வழிக்கு 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர். 500 மீட்டருக்கு ஒரு சாவடி என்ற கார் பந்தயக் கணக்கைப் போட்டால் 14 சாவடி, சாவடிக்கு 2 பேர், 28 பேர், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று 42 கொடி, 28 விசில். வண்டிகளின் பின்னால் மோட்டார் சைக்கிளில் விரட்டிக்கொண்டு போகிற கூட்டத்தை நிறுத்தவும், குறுக்கே வந்த குழந்தையைத் தூக்கவும், மாடு மிரண்டு திரும்பினால் பின்னால் வருகிற வண்டிக்குச் சொல்லவும் அந்த 28 பேர் போதும். பரிசுத் தொகைக்கு நன்கொடை பிரிக்கிற விழாக் குழுவுக்குக் கொடித் துணியும் விசிலும் பாரமா? இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு நாள் நின்று கற்ற இளைஞன் ஊருக்கு ஒருவன் இருந்தால் போதும். மற்றவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுப்பான்.

செட்டிநாட்டில் கணக்கு என்றால் பேரேடும் ஐந்தொகையும். லாபத்தில் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் ஒதுக்கியதை மகமை என்று தனித் தலைப்பில் எழுதிய ஊர்கள் இவை. காரைக்குடியில் உள்ள சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் இன்றுவரை எண்ணோடு பேசப்படுகின்றன. பணமாகக் கொடுத்ததற்கு எண் இருக்கிறது. நேரமாகக் கொடுத்ததற்கு ஏன் இருக்கக் கூடாது? பந்தயம் நடத்துகிற கிளப்போ விழாக் குழுவோ தன் ஆண்டுக் கணக்கில், தன்னார்வலர் இத்தனை பேர், இத்தனை மணி நேரம், மதிப்பு இத்தனை ரூபாய் என்று ஒரு வரி எழுத வேண்டும். 3 லட்சம் ரூபாய் என்று எழுதிவிட்டால், அதைக் காக்க 2,240 ரூபாய்க்குத் தண்ணீரும் ஆளுக்கொரு விபத்துக் காப்பீடும் வாங்க யாருடைய கையும் தயங்காது.

போக விரும்புகிறவர்களுக்கு: பெயர் கொடுக்கும் முன், எனக்கு விபத்துக் காப்பீடு உண்டா, தொகை எவ்வளவு என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். பயிற்சி இல்லை, நேராக வந்து நில்லுங்கள் என்றால் போக வேண்டாம். பருத்தியில் முழுக்கைச் சட்டை போடுங்கள், பாலியெஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். சிவப்பும் மஞ்சளும் உடுத்தக் கூடாது. ஓட்டுநர் கண்ணுக்கு அது கொடியாகப் படும். கணுக்காலை மூடும் ஷூ, தொப்பி, காதுக்கு அடைப்பான், சொந்தத் தண்ணீர் பாட்டில் ஒன்று. பொதுவாக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.